நான் மாற்றிச் சொன்ன சாட்சியம்

பாதர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த வீடியோ கசெட்டில் இருந்தது ஒரு வழக்குப் படம். வெளிநாடொன்றில் ஒரு தாதி, சாகக் கிடந்த நோயாளி கேட்டதற்காக அவர் கட்டிலருகே நின்று வாய்விட்டு ஜெபிக்கிறாள். அந்த ஆஸ்பத்திரியில் அதற்குத் தடை. அவள் ஜெபித்துப் பயங்காட்டியதால்தான் தகப்பன் செத்தார் என்று மகன் வழக்குப் போடுகிறான். மிச்சப் படம் முழுக்க நீதிமன்றம்தான். சண்டையில்லை, பாட்டில்லை. இரண்டு மணித்தியாலம் ஆட்கள் எழும்பி எழும்பிக் கதைக்கும் படத்தை எங்கள் சனம் பார்க்கும் என்று பாதர் எப்படி நம்பினாரோ, எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. விசுவாசத்தை வளர்க்கும் என்றார். படம் ஆங்கிலத்தில் இருந்ததால் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். நான் ஆங்கில டீச்சர், கலியாணமும் ஆகவில்லை, ஆகையால் எனக்கு நேரமிருக்கும் என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

முதலில் டவுனில், பாதரின் கோயில் மண்டபத்தில் போட்டோம். முன்வரிசைக் கதிரைகளில் வீட்டிலும் ஆங்கிலம் கதைக்கும் பறங்கிக் குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்கு என் உதவி தேவைப்படவில்லை. நான் ஒரு வசனத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் சிரித்துவிடுவார்கள், அல்லது என்னைத் திருத்துவார்கள். அழ வேண்டிய இடத்தில் அழுதார்கள். ஜூரிமார் தாதியைக் குற்றவாளியல்ல என்று சொன்னதும் கைதட்டினார்கள். பாதருக்கு வாயெல்லாம் பல். அடுத்த கிழமையே வாவிக்கு அந்தப்பக்கம் கொண்டுபோவோம் என்றார்.

வாவிக்கு மேற்கே இருக்கும் ஊர்களைப் படுவான்கரை என்போம். அங்கே போக, ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையைப் பிடிக்க வேண்டும். அதற்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். தொலைக்காட்சிப் பெட்டி, கசெட் போடும் டெக், ஜெனரேட்டர், அதற்கு மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் பாதையில் ஏற்றினோம். இரண்டு கரையிலும் ஆமிக்காரரின் சென்றியில் இறக்கித் திறந்து காட்டினோம். என்ன படம் என்று கேட்டார்கள். சாமிப் படம் என்றார் பாதர். வழக்குப் படம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களோ தெரியாது.

இருட்டுமுன் எல்லாரும் வீட்டில் இருக்க வேண்டிய காலம் என்பதால் படம் பகல் இரண்டு மணிக்கு. பள்ளிக்கூடக் கட்டடத்தின் யன்னல்களை நெல்லுச் சாக்கால் மறைத்தோம். உள்ளே அவிந்தது. அந்த ஊரில் வேதக்காரர் என்று சொல்லும் கிறிஸ்தவர்கள் ஐந்து குடும்பம். வந்திருந்ததோ ஊர் முழுக்க. எந்தப் படம் என்று யாரும் கேட்கவில்லை, படம் என்றால் போதும்.

ஜெனரேட்டர் சத்தத்தோடு போட்டியிட்டு நான் கத்தினேன். தாதி புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் செய்தபோது பின்னாலிருந்து ஒரு பெண், இது என்ன சத்தியம், அம்மன் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணாமல் யாரும் என்னவும் சொல்லலாம்தானே என்றாள். நிறையப் பேர் ஒத்துக்கொண்டார்கள். நீதவான் எதிர்த்தரப்பு வக்கீலை அதட்டியபோது சிரித்தார்கள். சாட்சிகள் தங்கள் முகவரியைச் சத்தமாகச் சொன்னபோது மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை. இவ்வளவு ஆட்களுக்கு முன்னால் வீட்டு விலாசத்தைச் சொன்னால் அவர்கள் எப்படி வீட்டுக்குப் போவார்கள் என்று ஒருவர் என்னிடமே கேட்டார். அதற்குப் படத்தில் பதில் இல்லை.

இரண்டாம் வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி இருந்தாள். அவளை எனக்கு ஒரு வருடமாகத் தெரியும். அவளுடைய புருசனை வாவிக்கரைச் சென்றியில் சைக்கிளிலிருந்து இறக்கி, பக்கத்து முகாமுக்குள் கூட்டிப்போனார்கள். அவள் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தாள், கண்ணால் கண்டாள். பிறகு அப்படி ஒருவரைத் தாங்கள் பிடிக்கவேயில்லை என்றது முகாம். அவளுக்காக ஆங்கிலத்தில் எத்தனை கடிதம் எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை.

அவர்களுடைய வயல்காணிக்கு அரசாங்கம் கொடுத்த பெர்மிட் புருசனின் பேரில் இருந்தது. மரணச் சான்றிதழ் இருந்தால்தான் அவள் பேருக்கு மாறும், இல்லாவிட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை டவுனில் அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு விசாரணைக்கு ஓர் அதிகாரி வருகிறார். இனந்தெரியாதவர்கள் கொண்டுபோனார்கள் என்று கையெழுத்து வைத்தால் சான்றிதழ் கிடைக்கும். முகாமின் பேரைச் சொன்னால் கிடைக்காது. அதோடு முடிந்தால் நல்லது, முடியாமலும் போகலாம். கையெழுத்தை வைத்துவிடு என்று நான் அவளுக்கு மாதக்கணக்காகச் சொல்லி வந்தேன். அரைமனதாகச் சம்மதித்திருந்தாள். அவளுக்காக அங்கே மொழிபெயர்க்கப் போக இருந்ததும் நான்தான்.

படத்தில் அந்த இடம் வந்தது. ஜெபித்ததைக் கண்டவர் யாருமில்லை. ஞாபகமில்லை என்று சொல், போதும், விட்டுவிடுவார்கள் என்று தாதியின் சொந்த வக்கீலே காதுக்குள் சொல்கிறார். அவள் சாட்சிக் கூட்டில் ஏறுகிறாள். நான் ஜெபித்தேன், மறுபடியும் கேட்டால் மறுபடியும் ஜெபிப்பேன் என்கிறாள்.

டவுனில் அதை அப்படியே சொன்னவள் நான். இங்கே இரண்டாம் வரிசையைப் பார்த்தேன். அவள் வாய் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பாழாய்ப்போன படம் என் ஒரு வருட வேலையைக் கெடுக்கப்போகிறது என்று பயந்தேன்.

“எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை எண்டு சொல்றா,” என்றேன்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வக்கீல் தலையில் கைவைத்தார், அவருக்குத் தலையிடி என்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளினார், தோற்றுப்போன கோபம் என்றேன். தாதி நிமிர்ந்து நின்று நீளமாகப் பேசினாள், தகப்பனை இழந்த மகனுக்கு அனுதாபம் தெரிவிக்கிறாள் என்றேன். கடைசியில் விடுதலை. யாரும் கைதட்டவில்லை. ஒரு வயதான வெள்ளாமைக்காரர் மட்டும் கையை உயர்த்தி, “இனி வெளிய வரக்குள்ள வாசல்ல வெச்சித் திரும்பப் புடிப்பானுகளா டீச்சர்?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

பாதர் அந்நேரம் முழுக்க வெளியே ஜெனரேட்டருக்குக் காவலிருந்தார். சனம் அமைதியாகக் கலைந்து போனதைப் பார்த்து, ஆழமாக யோசிக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டார்.

நான் டெக்கின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். மகள் தோளில் தூங்கியிருந்தாள்.

“அந்தப் புள்ள ஞாபகமில்லையெண்டு சொல்லல்ல டீச்சர். பொய் சொல்ற ஆக்கள்ர முகம் அப்பிடி இரிக்காது. நீங்கதான் மாத்திச் சொன்னீங்க.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உன் நல்லதுக்குத்தான் என்று தொடங்கினேன். அவள் சண்டைக்கு வரவில்லை. தான் கண்டதைச் சொல்லப்போவதாகவும், செவ்வாய்க்கிழமை நான் வருவதென்றால் அவள் சொல்வதை மட்டும் சொல்ல வேண்டும் என்றும், முடியாவிட்டால் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னாள். வருகிறேன் என்றேன். அன்றிரவு என்னை நானே திட்டிக்கொண்டேன். மாற்றிச் சொன்னதற்கா, வருகிறேன் என்றதற்கா என்று தெரியாது.

கச்சேரியில் இருந்த அதிகாரி கெட்ட மனுசனில்லை. எங்களை இருக்கச் சொன்னார், மகளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். தமிழ் தெரியாது, ஆங்கிலத்தில் கேட்டார். அவள் நேரத்தைச் சொன்னாள், சென்றியைச் சொன்னாள், முகாமைச் சொன்னாள், புருசன் போட்டிருந்த சேர்ட்டின் நிறத்தைச் சொன்னாள். நான் ஒன்றையும் விடவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டே போனார். முடித்துத் தாளை என் பக்கம் திருப்பி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கச் சொன்னார்.

தாளில் இனந்தெரியாத ஆயுததாரிகள் என்று இருந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் சொன்னார்: இப்படி இருந்தால் இரண்டு கிழமையில் சான்றிதழ் வந்துவிடும், வேறுமாதிரி எழுதினால் இந்தக் கோப்பு இந்த மேசையை விட்டு நகராது, அவளுக்கு எதையாவது சொல்லி வையுங்கள், அவளுடைய நல்லதுக்குத்தான். உண்மையாகவே அக்கறையோடுதான் சொன்னார். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. அதனாலேயே அவர்மேல் கோபம் வந்தது, என்மேல் அதைவிட அதிகமாக வந்தது.

“என்ன எழுதியிரிக்கி?” என்று அவள் கேட்டாள். பேனை அவள் கையில் இருந்தது.

எழுதியிருந்ததைச் சொன்னேன். அவர் சொன்னதையும் சொன்னேன், இரண்டு கிழமை என்பதையும் விடவில்லை.

அந்தச் சொல்லை வெட்டிவிட்டு முகாமின் பேரை எழுத முடியுமா என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். அவர் தலையாட்டி மறுத்தார். அவள் பேனையை மூடி, மேசையில் வைத்து, மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அவர் என்னைப் பார்த்து, அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். நீங்கள் எழுதியதை என்றேன்.

வெளியே வாகைமரத்தடியில், காணி போய்விடுமே, தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியும். அவர் எங்க எண்டு கேக்கிறத்துக்கு நான் ஒருத்திதான் இரிக்கன் டீச்சர். ஆரெண்டு தெரியாதெண்டு நானும் எழுதிக் குடுத்தா, பிறகு ஆருக்கிட்டப் போய்க் கேக்கிற?”

அவளைக் கடைசிப் பாதையில் ஏற்றிவிட இருவரும் நடந்தோம். அடுத்த மாரிப் போகத்தில் அந்தக் காணியை வேறொருவர் விதைத்தார்.