தாடிக்காரருக்குப் பட்டாபிஷேகம்

சித்தூர் பேருந்து நிலையத்தில் காலை நேரத்துத் திருப்பதி வண்டியில் உட்கார்ந்து போக வேண்டுமென்றால், வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக எதையாவது உள்ளே எறிந்துவிட வேண்டும். துண்டு, கைக்குட்டை, குடை, சாப்பாட்டுப் பை, எதுவானாலும் சரி. அது விழுந்த இடம் எறிந்தவருடையது. இந்தச் சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எழுதி வைத்த பல சட்டங்களைவிட இதற்கு எங்கள் ஊரில் மரியாதை அதிகம்.

ஒருநாள் கைக்குட்டையை வீட்டில் மறந்துவிட்டேன். குடையும் இல்லை. வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. கையில் இருந்தது ஒரு புத்தகம் மட்டும்தான். அமெரிக்க அதிபர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு, கெட்டி அட்டை, தலையணை கனம். வேறு வழியில்லாமல் அதையே வீசினேன். உள்ளே "அம்மா" என்று ஒரு சத்தம் கேட்டது. டிப்போ வாசலிலேயே ஏறி உட்கார்ந்துவிட்ட சாமர்த்தியசாலிப் பெண் ஒருத்தி ஜன்னல் வழியாகப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"யாருதுங்க இந்த செங்கல்லு?"

முழங்கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறி மன்னிப்புக் கேட்டேன். சட்டப்படி இடம் என்னுடையது என்பதால் அவளே நகர்ந்து உட்கார்ந்தாள். வண்டி புத்தலப்பட்டைத் தாண்டும்வரை நான் படிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்டி இன்னாதான் கீது அதுல?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

இந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையை அந்தக் காலத்தில் தொடங்கியவர்கள் அமெரிக்க மிஷன்காரர்கள். அவர்கள் விட்டுப்போன பங்களாவைக் காலி செய்தபோது சபையார் நாற்காலி, அலமாரி, கட்டில் என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். புத்தகங்களை யாரும் சீந்தவில்லை. நான் அள்ளிக்கொண்டு வந்தேன். பக்திப் புத்தகங்கள் என்று நினைத்து எடுத்தேன், பாதிக்குமேல் அமெரிக்க சரித்திரம். ஒன்றைப் பிரித்தேன், தேர்தல், துரோகம், காலை வாருதல், கண்ணீர், மறுபடி தேர்தல் என்று போயிற்று. அன்றைக்குச் சோறு அடிப்பிடித்துவிட்டது. அதிலிருந்து வேறெதையும் படிக்கப் பிடிக்கவில்லை. இப்போது திருப்பதியில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, பிடித்தம் போக மிஞ்சுகிற சம்பளத்தில் பாதி பழைய அதிபர்களுக்குத்தான் போகிறது.

"நம்ம வார்டு கவுன்சிலரு யாருன்னு கேட்டா இவளுக்குத் தெரியாது. அமெரிக்காவுல எந்த மந்திரி எந்த மந்திரிய கவுத்தான்னு கேளு, மூச்சு வுடாம சொல்லுவா" என்பார் என் வீட்டுக்காரர், வீட்டுக்கு வரும் எல்லாரிடமும்.

எனக்கு இன்னொரு குணமும் உண்டு. சரித்திரத்தில் யாராவது தப்பாகச் சொன்னால் பொறுக்க முடியாது. எங்கள் போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவின் முதல் அதிபர் சிறுவயதில் மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையைச் சொன்ன கதையைப் பிரசங்கத்தில் சொன்னார். ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது, அது அவர் செத்த பிறகு ஒருவர் கட்டிவிட்ட கதை, உண்மை பேசுவதைப் பற்றிப் பொய் சொல்லலாமா ஐயா என்று கேட்டேன். பின்னால் வரிசை நின்றது. அதற்குப் பிறகு போதகர் உதாரணத்துக்கு இங்கிலாந்து ராணியைப் பிடித்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் அந்தப் பெண் வந்து மாட்டினாள். நானும் அவளிடம் மாட்டினேன்.

அவள் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். ஐசியூவில் வேலை. பிறந்தது எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன புத்தூர் பக்கம், வாழ்க்கைப்பட்டது சித்தூரில். "எங்க ஊர்ல கை காலு ஒடிஞ்சா கட்டு போட்டே அனுப்சிடுவாங்க. நான்தான் ஊசி எடுத்துக்கினு இங்க வந்துட்டேன்" என்பாள். மறுநாள் காலை நான் வண்டியில் ஏறியபோது அவளுடைய துப்பட்டா எனக்காக இருக்கையில் கிடந்தது. அதற்கு வாடகை, கதை.

பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. அதனால் எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்தோம். கதாநாயகர் தாடிக்காரர். அடிமைகளை விடுதலை செய்தவர், உயரமானவர், மந்திரிசபைக் கூட்டத்திலும் கதை சொல்லிச் சிரிக்க வைத்தவர். அடிமைமுறையை விட மாட்டோம் என்று பிரிந்துபோன தெற்கத்திப் படையின் பெரிய தளபதி வெள்ளைக் குதிரைக்காரர். வடக்கே ஒரு தளபதி இருந்தார். உடுப்பு, அணிவகுப்பு எல்லாம் பிரமாதம், ஆனால் சண்டைக்கு மட்டும் போக மாட்டார். அவருக்கு அவள் வைத்த பெயர் 'நாளைக்குப் போலாம்'.

"இவரு மாதிரி ஒரு டாக்டரு எங்க வார்டுல கீறாருக்கா. ரவுண்ட்ஸு நல்லா வருவாரு. ஒண்ணும் எழுத மாட்டாரு" என்றாள். தாடிக்காரர் அவரைப் பதவியிலிருந்து தூக்கிய அன்று அவள் சந்தோஷத்தில் எனக்கு டீ வாங்கித் தந்தாள்.

கொஞ்ச நாளில் முன் இருக்கையிலும் பின் இருக்கையிலும் காதுகள் நீண்டன. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "மேடம், மன பிரெசிடெண்ட் காரு எலா உன்னாரு?" என்று விசாரிப்பார். நம்ம அதிபர் எப்படி இருக்கிறார் என்று கேட்பதற்கு ஒரு மனிதர் இருக்கிறாரே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். யுத்தம் மும்முரமாயிருக்கிறது என்று தெலுங்கில் பதில் சொல்வேன்.

அவள் ஆரம்பத்திலேயே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். முடிவை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. தாடிக்காரர் கடைசியில் நாடகம் பார்க்கப் போன இடத்தில் சுடப்பட்டுச் சாவார் என்பது உலகத்துக்கே தெரியும், இவளுக்குத் தெரியவில்லை. புத்தகத்தின் நடுவில் புகைப்படப் பக்கங்கள் இருந்தன. அதில் கறுப்புத் துணி கட்டிய சவப்பெட்டி ரயிலும் ஒன்று. "அதுல பொம்மை கீது பாரு, காட்டுக்கா" என்று அவள் கேட்பதற்குள் அலுவலகத்தில் அந்தப் பக்கங்களை மட்டும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துவிட்டேன். பைண்டிங் விட்டுப்போயிற்று, பிரித்தால் கழன்று வந்துவிடும் என்று சொன்னேன். என் வாயிலிருந்து வந்த முதல் பொய் அது. அவள் தலையாட்டினாள்.

நாளாக ஆக எனக்குப் பயம் வந்தது. ஏனென்றால் அவள் தாடிக்காரரை விரும்ப ஆரம்பித்துவிட்டாள். அவருடைய சின்ன மகன் காய்ச்சலில் இறந்த அத்தியாயத்தில் சந்திரகிரி வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒருநாள் கண் வீங்கி வந்திருந்தாள். முந்தின நாள் வார்டில் ஒரே ஷிஃப்டில் இரண்டு பேர் போய்விட்டார்களாம். "நீ சொல்லுக்கா. அந்த மனுசன் இன்னா பண்றாருன்னு கேட்டாதான் உள்ள போவ முடியும்" என்றாள். அப்படிச் சொன்ன ஒருத்தியிடம் நான் எப்படி அந்த நாடகக் கொட்டகைக்குப் போவது?

ஒரு வெள்ளிக்கிழமை யுத்தம் முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டோம். திங்கட்கிழமை சரணாகதி என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ திங்கக்கெழம பட்டாபிஷேகம்" என்றாள்.

"எதுக்கு?"

"இன்னாக்கா இது. சண்ட முடிஞ்சா பட்டாபிஷேகம்தானே?"

எனக்குப் பாரதம் அவ்வளவாகத் தெரியாது. ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவள் நான். அவள்தான் விளக்கினாள். அவர்கள் ஊர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள். பகலில் கதை சொல்வார்கள், ராத்திரி கூத்து நடக்கும். கடைசியில் மண்ணில் பெரிதாகத் துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம், சாயங்காலம் தீமிதி, மறுநாள் தருமராஜாவுக்குப் பட்டாபிஷேகம். ஊரே பொங்கல் வைக்கும். இத்தனை நாளும் அவள் வடக்கு தெற்கு யுத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தது பாரதக் கணக்கில்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "நான் சக்கரப் பொங்கல் வச்சி எடுத்தாரேன். பஸ்ஸு மொத்தமும் துன்னட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

சனி ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு நிம்மதி இல்லை. சரணாகதி முடிந்து அடுத்த அத்தியாயத்தைத் திருப்பினால் நாடகக் கொட்டகை. அதுவும் பெரிய வெள்ளிக்கிழமையில். நான் புத்தகத்தை மூடித் திறந்துகொண்டிருப்பதைப் பார்த்த வீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"அந்த ஆளு செத்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. சொல்லிட்டுப் போயேன்" என்றார்.

"அவளுக்கு அவர் இன்னும் உயிரோட இருக்காருங்க."

"அப்போ சொல்லாத."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"மரம் வெட்டுன கதைக்கு நீ போதகர வாசல்ல நிக்க வச்ச பாரு, அவரு வுட்ட சாபம்தான் இது" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அந்த மனிதரிடம் ஆலோசனை கேட்டது என் தப்பு.

திங்கட்கிழமை அவள் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். மடியில் நாலடுக்குத் தூக்குப் பாத்திரம். நெய் வாசனை வண்டி முழுக்க. கண்டக்டர் அன்றைக்கு டிக்கெட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு எங்கள் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சரணாகதியை நன்றாகவே சொன்னேன். வெள்ளைக் குதிரைக்காரர் புது உடுப்பில் வந்ததையும், ஜெயித்த சுருட்டுக்காரத் தளபதி சேறு அப்பிய பூட்சோடு வந்ததையும், தோற்றவர்கள் உழவுக்குக் குதிரைகளை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகலாம் என்று அவர் விட்டுக்கொடுத்ததையும் சொன்னேன். பின் இருக்கையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

"அப்பறம்?" என்றாள்.

அப்புறம்தான் அது. நான் புத்தகத்தைப் பார்த்தேன், தூக்குப் பாத்திரத்தைப் பார்த்தேன். தாடிக்காரர் இரண்டாம் முறை பதவியேற்றது உண்மையில் யுத்தம் முடிவதற்கு முன்பு. அந்த அத்தியாயத்துக்கு வந்த வாரம் அவள் லீவில் இருந்தாள், திரும்பி வந்ததும் சண்டையைச் சொல்லும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போயிருந்தேன். சரித்திரத்தில் ஒரு தேதியை யாராவது தள்ளிப் போட்டால் சண்டைக்குப் போகிற நான், ஒரு முழு பதவியேற்பு விழாவைத் தூக்கி யுத்தத்துக்குப் பின்னால் வைத்தேன். மழை பெய்து தெருவெல்லாம் சேறாக இருந்ததையும், அவர் பேச எழுந்தபோது வெயில் வந்ததையும் சொன்னேன். யார்மேலும் வன்மம் வேண்டாம், நாட்டின் காயத்துக்குக் கட்டுப் போடுவோம் என்கிற பொருளில் அவர் பேசினார் என்றேன்.

"கட்டு போடணும்னாரா?" என்று நிமிர்ந்தாள். "எங்க ஊரு ஆளுக்கா அவரு."

அத்துடன் புத்தகத்தை மூடிவிட்டேன். கண்டக்டர் கைதட்டினார். பொங்கல் வாழையிலைத் துண்டுகளில் வண்டி முழுக்கப் போயிற்று, டிரைவருக்கும் ஒரு பங்கு. என் பங்கை நான் இலையோடு மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஏமாற்றிவிட்டோமே என்று இருந்தது, அவள் முகத்தைப் பார்த்தால் செய்தது சரிதான் என்றும் இருந்தது.

திருப்பதியில் இறங்கினோம். தூக்கை அடுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்.

"நல்லா முடிச்சக்கா. எங்க ஊர்லயும் பட்டாபிஷேகத்தோட நிறுத்திடுவாங்க. அதுக்கப்பறம் அவங்க அஞ்சு பேரும் போய்ச் சேர்ற கதை ஒண்ணு கீது. அத்த யாரும் ஆட மாட்டாங்க."

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அவர் சாவறது உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"தெனம் தையலு பிரிக்கறவ கிட்ட பின்னு அடிச்சி வச்சா ஆச்சா? நீ ஒருநா தூங்கிட்ட. பிரிச்சிப் பாத்துட்டு திரும்ப அப்டியே குத்தி வச்சிட்டேன்."

"எப்போ?"

"நம்ம 'நாளைக்குப் போலாம்' இருந்தாரு பாரு, அப்போ."

அப்படியானால் அந்த மொத்த யுத்தத்தையும் முடிவு தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறாள். மகன் செத்ததற்கு அழுததும், டீ வாங்கித் தந்ததும், பொங்கல் வைத்ததும் எல்லாம். எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் வந்தது. தெரிந்த பிறகு எதற்கு உட்கார்ந்து கேட்டாய் என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வார்டுல யாரு பொழைக்க மாட்டாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. அதுக்குன்னு அவங்க கிட்ட போய் உக்காந்து பேசாம இருப்பேனா?" என்றாள். நேரமாகிவிட்டது என்று தூக்கை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள்.

மறுநாள் துப்பட்டா இருக்கையில் கிடந்தது. நான் வேறொரு அதிபரைக் கொண்டுபோயிருந்தேன், இன்னும் கனமானவர். அவள் அட்டைப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவரு எப்டி சாவறாருன்னு மொதல்ல சொல்லிடுக்கா" என்றாள். "பாவம், உன்னால மறைக்க முடியல."