மருதம்மாள் கேட்ட பூ

மருதம்மாள் அக்கா எங்கள் பக்கத்து வீடு. முப்பது வருடமாகப் புருஷனின் தறிகளுக்கு ராட்டையில் நூல் சுற்றிக் கொடுத்தவள். வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் சிமெண்ட் அட்டைக் கூரை. மத்தியானம் உள்ளே இருந்தால் மண்டை வெந்துவிடும். அதனால் குடோனுக்கு மேற்கே இருந்த வேப்ப மரத்தடியில்தான் ராட்டை, அடுப்பு, படுக்கை எல்லாம்.

புருஷன் செங்கோட்டையன் மாசியில் குடோன் மேல் சோலார் பேனல் போட்டார். மரம் இலை கொட்டி மொட்டையாக நிற்கிற மாதம். மாட்ட வந்தவன் அண்ணாந்து பார்த்து, "நெழலே இல்லீங்களே" என்றான். பங்குனியில் தளிர்க்கும் என்று இரண்டு ஆம்பளைகளுக்கும் தோன்றவில்லை. வைகாசியில் மத்தியானத்துக்கு மேல் இரண்டு பேனலில் நிழல் விழுந்தது. இரண்டில் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்கக் கரண்டு படுத்துவிடுமாம்.

"மரத்த வெட்டீர்லாம்" என்றார்.

"நான் எங்கீங்க உக்காருவேன்? உங்க பேனலு மேலயா?"

"ஃபேன் வாங்கித் தாறேன்."

"அனல அள்ளி மூஞ்சீல வீசறதுக்கா?"

மரத்தடியில் சூலமும் மஞ்சள் துணியும் இருந்ததால் அவருக்கும் உள்ளூரப் பயம். "மாரியாத்தா கோயல்ல பூ கேட்டுட்டு வா. ஆத்தா சொல்றதுதான்" என்று முடித்தார்.

அக்கா போனாள். 'வெட்டலாமா' என்று மனசுக்குள் கேட்டு, அம்மன் முன்னால் மடித்துப் போட்ட இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்தாள். வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் ஆகாது. திரும்பி வந்து, "செவப்புங்க" என்றாள்.

மரத்தை விட்டார், பேனலை விடவில்லை. நிழல் விழுந்த இரண்டு பேனலையும் கிழக்கே நகர்த்த ஆளைக் கூப்பிட்டார். பத்து நாள் ஆகும் என்றான். பொறுக்காமல் ஸ்பேனரோடு தானே ஏறினார். அட்டை உடைந்தது. நான் ஓடிப்போனபோது அவர் தறி மேல் கிடந்தார். தறி ஓடிக்கொண்டேதான் இருந்தது. சுவிட்சை நிறுத்தியது நான்தான். அவர் அப்போதே இல்லை.

காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், "மரத்து மேல கண்ணு வெச்சான், ஆத்தா எடுத்துக்கிட்டா" என்று மரத்துக்குப் புது மஞ்சள் துணி கட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது அக்கா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"வெள்ளப் பூவுதான் அம்மிணி வந்துச்சு."

குண்டானைக் கீழே வைத்துவிட்டு, யாராவது கேட்கிறார்களா என்று நான் வாசலைப் பார்த்தேன்.

"நாஞ்சொன்னாக் கேக்க மாட்டாரு. ஆத்தா சொன்னாக் கேப்பாருன்னுதான்..."

"வேற யார்கிட்டயும் சொல்லீராதீங்கக்கா. வேல்குமாரு காதுல உழுந்தா உங்களுக்கு ஒரு வாய்ச் சோறு போட மாட்டான்" என்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

வேல்குமார் அவள் மகன். தறியை இப்போது அவன் ஓட்டுகிறான். நிழல் விழுகிற இரண்டு பேனலையும் கழற்றி வைத்துவிட்டான். மரத்தை யாரும் தொடுவதில்லை, நன்றாகத் தழைத்திருக்கிறது. அடியில் யாரும் உட்காருவதுமில்லை. அக்கா ராட்டையை எதிர்ப்பக்கம், வெட்டவெளியில் போட்டிருக்கிறாள்.

"மண்ட காயுதும்மா, நெழலுக்கு வா" என்று நேற்றும் கூப்பிட்டான்.

"இருக்கட்டும் சாமி, நீ போயித் தறியப் பாரு" என்றாள்.