கைப்பிடி வெடியுப்பு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் கொரட்டூரில் குடியிருந்தோம். நாத்தனார் மகளின் மஞ்சள் நீராட்டு விருந்துக்கு உப்புக்கண்டம் போடும் பொறுப்பை மாமியார் என்னிடம் கொடுத்தார். கறி கெடாது, சிவப்பாகவும் இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, சமையல் உப்போடு, வெடிமருந்தில் சேர்க்கும் வெடியுப்பையும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுப் பிசைந்தேன்.

மறுநாள் கறி செக்கச்செவேலென்று இருந்தது. பெருமையோடு பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவுக்குக் காட்டினேன். அவள் ஓட்டல் ஒன்றில் இறைச்சி பதப்படுத்தும் வேலை பார்த்தவள்.

"இன்னாக்கா, அளக்காமலா போட்ட? ஓட்டல்ல இத்த கிராம் கணக்கா நிறுத்துத்தான் போடுவோம். ஜாஸ்தியானா விஷம்க்கா!"

"அலசிட்டா போவாதா?"

"உள்ள எவ்ளோ எறங்கிச்சின்னு யாருக்குத் தெரியும்?"

ஐந்து கிலோ ஆட்டுக்கறி. நானும் ஸ்டெல்லாவும் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. பந்தியில் உட்காரப்போகும் குழந்தைகளை நினைத்தேன். கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டி மொத்தத்தையும் புதைத்துவிட்டு, மாமியாரிடம் போய்ச் சொன்னேன்.

விருந்தன்று குத்தம்பாக்கத்துப் பெரியப்பா, "உப்புக்கண்டம் இன்னாச்சி?" என்று உரக்கக் கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். மாமியார் முந்திக்கொண்டார்.

"என் மருமவ வெடியுப்ப ஜாஸ்தியா போட்டுட்டா. சொல்லாம ஆக்கிப் போட்டிருக்கலாம். அவளே வந்து சொன்னா, அவளே பொதைச்சிட்டா. இந்த ஊட்ல தைரியமா சாப்டுங்க."

என் சமையலை எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள். ஆனால் நான் பரிமாறாமல் விட்ட அந்தக் கறியை நினைக்கும்போதுதான் எனக்கு என்மீதே மதிப்பு வருகிறது.