நாய் தின்னாமல் விட்டது

பன்னிரண்டு ஓடர்ச் சீட்டுகள் தொங்கும்போது சமையலறையில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வசை போதும். பிரெஞ்சு பேசும் லாசாலில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில் கோழி வெட்டியபடி நான் சீனம் படித்தது இப்படித்தான். வெங்காயம் உரித்தவர்களுக்கும் கோப்பை கழுவியவர்களுக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஓடும் நாய்

முதலாளியம்மாவின் காரிலிருந்து அரிசி மூட்டையை ஓடிப்போய் இறக்கினேன். திரும்பி வந்தபோது தலைமைச் சமையல்காரர் சென் என்னைப் பார்த்து "ட்சோகோ" என்றார். சென் பேசுவது பாதி பிரெஞ்சு, பாதி கரண்டி. அங்கே பத்து வருடமாகக் கோப்பை கழுவும் ஜெயம் அண்ணைதான் எனக்கு மொழிபெயர்ப்பாளர். ஓடுகிற நாய் என்று அர்த்தமாம். முதலாளிக்குப் பின்னால் வாலாட்டுகிறவன்.

உங்களையும் அப்படிச் சொன்னார்களா என்று கேட்டேன். கையிலிருந்த தட்டைக் கழுவி முடித்துவிட்டுப் பதில் சொன்னார்.

"ஓம், முதல் வருசம். பேந்து மூட்டை தூக்கிறதை விட்டிட்டன், பேரும் போயிட்டுது."

தனி நாய்

அடுப்படியில் தாச்சிச் சட்டி பிடிப்பவன் வூ. என்னை விட இரண்டு வயது மூத்தவன். வில்லரேயில் ஓர் அறையில் தனியாக இருக்கிறேன் என்றதும் எனக்கு அடுத்த பட்டம் தந்தான்: தனி நாய். கலியாணமாகாத சீன இளசுகள் தங்களைத் தாங்களே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்களாம். களைத்தாலும் நாய்தான், ஓவர்டைம் செய்தாலும் நாய்தான். ஒரு பிராணியின் தலையில் இவ்வளவு வேலையா என்று நினைத்துக்கொண்டேன்.

தன் மனைவி பிள்ளைத்தாச்சி என்பதையும், முன்பு இரண்டு தங்கவில்லை என்பதையும் தாச்சியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னான். பிறகு நூடில்ஸைத் தட்டில் கொட்டினான்.

"நீ தனி நாய். நான் பயந்த நாய்."

மூன்றாவது பெயர்

குழந்தை ஏழு வாரம் முந்திப் பிறந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வீட்டுப் பெயர் கோஷெங் என்றான் வூ: நாய் தின்னாமல் விட்ட மிச்சம். செல்போனில் படத்தையும் காட்டினான்.

படித்தவன் என்ற நினைப்பில் நான் வாயைத் திறந்தேன். அழகான பிள்ளை, ராசா மாதிரி இருக்கிறான், இவனுக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்டேன். வூ அடுப்பை அணைத்தான். மத்தியான நேரத்தில் அந்த அடுப்பு அணைந்து நான் பார்த்ததில்லை. சென் தரையைப் பார்த்து மூன்று தரம் துப்புவது போலச் செய்தார். ஜெயம் அண்ணை ஈரக்கையால் என்னைத் தொட்டியடிக்கு இழுத்தார்.

"எங்கடை சனம் தப்பின பிள்ளைக்குக் குப்பை, பிச்சை எண்டு பேர் வைக்கேல்லையோ? நீ என்னடா நாவூறு படுத்திறாய்?"

என் பெரியப்பாவின் பெயர் குப்பையன் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

நாலு நாள்

மறுநாள் வூ வரவில்லை. குழந்தைக்கு மூச்சு சரியில்லை, குழாய் போட்டிருக்கிறார்கள் என்று முதலாளியம்மா சொன்னார். வூவின் தாச்சியைச் சென் பிடித்தார். அந்த நாலு நாளும் என்னை யாரும் நாய் என்றுகூடக் கூப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் வூ சப்பாத்தில் பனியோடு வந்தான். குழாயைக் கழற்றிவிட்டார்களாம். இந்த முறை படத்தைத் தாளில் எடுத்து வந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினான். ஒட்டிவிட்டு என்னைப் பார்த்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நேரம் எடுத்துப் பார்த்தேன். சரியான அவலட்சணம், இதை நாய்கூட மோந்து பார்க்காது என்றேன்.

"மெர்சி," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னான் வூ.

அடுப்பு எரிந்தது. சீட்டுகள் தொங்கின. ஓடும் நாயே, கோழி எங்கே என்று சென் கத்தினார். நான் தாச்சியின் அடிக்கரியை விரலில் தொட்டு, படத்திலிருந்த கன்னத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, கதவைத் திறந்து கோழியை எடுத்தேன்.