தொண்டை தெளிந்த பிறகு

பாகூர் ஆஸ்பத்திரியில் நான் புண் கட்டத் தொடங்கி ஒன்பது வருஷம் ஆகியிருந்தபோது அவள் நர்ஸாக வந்தாள். வில்லியனூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள். பட்டணத்தில் படித்தவள், பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாரத்தில் இரண்டு நாள் புதுச்சேரியிலிருந்து வரும் வெள்ளைக்கார டாக்டர் அதுவரை எனக்குக் கையைக் காட்டித்தான் வேலை சொல்வார். அவளிடம் உட்கார்ந்து பேசினார். மைக்ராஸ்கோப்பையும் அவள் பொறுப்பில் விட்டார். ஒன்பது வருஷம் அதன் பெட்டியைத் தூசி துடைத்தவள் நான்.

அவள் என்னை அக்கா என்றாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கரும்பு வெட்டுக் காலத்தில் கரையாம்புத்தூரிலிருந்து ஒரு கூலிக்காரர் தன் எட்டு வயது மகளை வண்டியில் கொண்டுவந்தார். காய்ச்சல் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. கழுத்து வீங்கி, குரல் கம்மிப்போயிருந்தது. நாக்கை அழுத்திப் பார்த்தேன். உள்நாக்கைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஒட்டியிருந்தது. பஞ்சால் துடைத்ததும் ரத்தம் கசிந்தது.

நர்ஸ் சிறுமியின் தொண்டையிலிருந்து கொஞ்சம் எடுத்து, கண்ணாடிச் சில்லில் தடவி, நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தாள்.

"தொண்டை அடைப்பான்தான் அக்கா. நீங்களும் வந்து பாருங்க."

"எனக்கு வேல கெடக்குது," என்றேன்.

அவள் டாக்டருக்குச் சொல்லியனுப்ப வெளியே போனதும் ஓடிப்போய்க் கண்ணை வைத்தேன். நறுக்கிப் போட்ட வைக்கோல் துண்டுகள் போல நீலநீலமாக ஏதோ கிடந்தன. அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

பிற்பகல் டாக்டர் வந்து ஊசி போட்டார். அவர் பிரெஞ்சில் சொன்னதை அவள் சிறுமியின் அப்பாவுக்கு எடுத்துச் சொன்னாள்.

"இந்தக் கிருமி தொண்டையிலயேதான் கெடக்கும். ஆனா அது கக்குற வெஷம் ரத்தத்தோட போயி நெஞ்சத் தாக்கும். வெளிய திரியிற வெஷத்தத்தான் ஊசி முறிக்கும். உள்ள பூந்துட்டத ஒண்ணும் பண்ண முடியாது. தொண்ட ஆறிட்டாலும் நாலு வாரம் எழுந்திரிக்கவே கூடாது."

ஆறாம் நாள் அந்தத் தோல் உரிந்தது. சிறுமி கஞ்சி கேட்டாள். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நர்ஸ் பூசைக்கு வில்லியனூர் போயிருந்தாள். சிறுமியின் அப்பா வந்து நின்றார்.

"தொண்ட நல்லாத்தான இருக்குது? வூட்ல கைக்கொழந்தய வச்சிக்கினு இவ அம்மா ஒண்டியா திண்டாடுறா. இட்டுக்கினு போவட்டுமா?" என்றவர், என் வாயிலிருந்து பதில் வருமுன், "அந்த அம்மா வந்ததும் ஒரு வார்த்த கேட்டுக்கறேன்," என்றார்.

அந்த ஒரு சொல் எனக்கு நெருப்பாக இருந்தது.

"அவள இன்னா கேக்கறது? நான் பாக்காத தொண்டையா? இட்டுக்கினு போ."

மறுநாள் காலையில் வெறும் கட்டிலைப் பார்த்தவள், "கொழந்த எங்க அக்கா?" என்றாள். சொன்னேன். உடனே வண்டி பிடித்துக் கிளம்பினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. சிறுமி எழுந்து கன்றுக்குட்டிக்குப் புல் போடப் போனாளாம். குனிந்தவள் நிமிரவில்லை.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஓயாமல் புரதம் செய்துகொண்டே உயிர் வாழ்கிறது என்பதையும், அந்த விஷம் உள்ளே நுழைந்து அந்த வேலையை நிறுத்திவிடுகிறது என்பதையும் வெகுகாலம் கழித்துப் படித்தேன். ஒரு செல்லைக் கொல்ல ஒரே ஒரு மூலக்கூறு போதுமாம். சிறுமி கஞ்சி கேட்ட நாளிலேயே நெஞ்சுக்குள் தசை செத்துக்கொண்டிருந்திருக்கும். நான் தெளிந்த தொண்டையை மட்டும் பார்த்தேன்.

டாக்டர் வந்ததும் யார் அனுப்பியது என்று கேட்டார். "நாங்கள்தான்," என்று அவள் பிரெஞ்சில் சொன்னாள். அந்தச் சொல் அளவுக்கு எனக்கும் பிரெஞ்சு தெரியும். எனக்கு நன்றி வரவில்லை. இப்படிச் சொல்லவும் இவளால் முடிகிறதே என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான், "அவள் இல்லை, நான்," என்று உளறினேன். நல்ல மனதோடு உண்மை சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

டாக்டர் என்னை நோயாளிகளிடமிருந்து விலக்கி, துணி வேகவைக்கும் வேலைக்கு மாற்றினார்.

காரியம் முடிந்த பிறகு கரையாம்புத்தூர் போனேன். அப்பா வாசலில் குந்தியிருந்தார். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. "அந்த அம்மா சொன்னதக் கேட்டிருக்கணும்," என்றார்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர் முன்னால் நின்றுகொண்டும், என் காதில் முதலில் தைத்தது 'அந்த அம்மா' என்பதுதான்.