பட்டாணியின் அரிப்பு

அவளுக்குக் கழுகு என்று பேர் வைத்தது ஒரு திருடன். அப்போது அவள் பல மாடிக் கடை ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில், கேமரா திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலையில் இருந்தாள். அந்த ஆள் செருப்புப் பிரிவில் புதுச் செருப்பைப் போட்டுப் பார்த்தான். பழையதை அதே இடத்தில் அழகாக ஜோடி சேர்த்து வைத்தான். பிறகு விசிலடித்தபடி படி இறங்கினான். வாசலில் காவலாளிகள் மடக்கியதும் அவனுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

"மேல இருந்து பாக்கறது மனுஷனாய்யா? கழுகா?"

அவள் இருந்தது மேலே இல்லை, கீழே. ஆனாலும் பேர் ஒட்டிக்கொண்டது. கணவன்கூட சில சமயம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வான்.

முகங்களை அவள் பார்ப்பதே கிடையாது. கைகளைத்தான் பார்ப்பாள். எடுக்கப் போகிறவன் கை, எடுப்பதற்கு முன்னாலேயே ஒரு தினுசாகக் குழையும் என்பாள். அது எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது, செய்து காட்டுவாள். காட்டும்போது அவளே திருடி மாதிரி இருப்பாள்.

கடையை மூடிவிட்டார்கள். வேலை தேடி அலைந்தபோது, சிம்பன்சிகளை ஆராய்கிற நிலையம் ஒன்றில் வீடியோ பார்க்க ஆள் வேண்டும் என்று தெரிந்து போனாள். அங்கே தலைமைப் பேராசிரியை ஒரு காட்சியை ஓடவிட்டு, "என்ன நடக்குது, சொல்லுங்க" என்றார்.

"சின்னது பழம் கேக்குது மேடம். பெருசுக்குக் கேக்குது. ஆனா கேக்காத மாதிரி மரத்தைப் பாக்குது."

"சின்னது கேக்குதுன்னு எதை வச்சு சொல்றீங்க?"

"கையை நீட்டிட்டு மூஞ்சியைப் பாக்குது பாருங்க. பதில் வரலன்னதும் இன்னும் கிட்ட நீட்டுது. எங்க வீட்டுக்காரர் டீ கேக்கற மாதிரியேதான்."

வேலை கிடைத்துவிட்டது. குளுகுளு அறை, நல்ல நாற்காலி, நாளெல்லாம் சிம்பன்சி. ஒரு விலங்கு கையை அசைத்தால், அது சும்மா அசைத்ததா, இன்னொன்றிடம் எதையோ சொல்வதற்காக அசைத்ததா என்று அவள் பிரிக்க வேண்டும். எதிராளியைப் பார்த்ததா, அசைத்துவிட்டுக் காத்திருந்ததா, பதில் வராவிட்டால் மறுபடி செய்ததா என்று கவனித்தால் போதும். கையை நீட்டுவது, காலைத் தட்டுவது, முதுகைத் திருப்பிக் காட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் இருந்தது. அதில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது தாய்மார்கள் செய்கிற ஒரு காரியம். இடத்தைவிட்டுக் கிளம்பும் நேரம் வந்தால் தாய் சிம்பன்சி தன் கையை நீளமாக, சத்தம் வரும்படி வறட்டு வறட்டு என்று சொறியும். சொறிந்துவிட்டுக் குட்டியைத் திரும்பிப் பார்க்கும். குட்டி ஓடி வந்து ஏறிக்கொள்ளும். 'வாடா, போகலாம்' என்பதற்கு அங்கே அதுதான் வார்த்தை.

வீட்டில் அவளோடு சேர்த்து நாலு பேர். கணவன் லிஃப்ட் மெக்கானிக். மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியிலிருந்து "பயப்படாதீங்க, இதோ ஆச்சு" என்று சொல்லிச் சொல்லி, எதற்கும் குரல் உயர்த்தாத மனுஷன் ஆகிவிட்டான். அவனுடைய அக்கா, அதாவது கழுகின் நாத்தனார், மருந்துக்கடையில் நீண்ட காலமாக விற்பனையில் இருக்கிறவள். டாக்டர் கையெழுத்தைப் படிக்கத் தெரியும் என்பதால் டாக்டர் வேலையும் பாதி தெரியும் என்பது அவளுடைய எண்ணம். நாலாவது, ஒன்றரை வயதுப் பட்டாணி. உருண்டு திரண்டு பிறந்ததால் அந்தப் பேர்.

பட்டாணி இன்னும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எதிர் வீட்டுக் குழந்தை கார், பஸ், லாரி என்று தெருவையே ஒப்பித்துக்கொண்டிருக்க, இவள் வாயைத் திறந்தால் சாப்பாடு உள்ளே போவதற்கு மட்டும்தான். நாத்தனாருக்கு அது ஒரு கவலை. அதன்மேல் இன்னொரு கவலை வந்து உட்கார்ந்தது. குழந்தை சொறிய ஆரம்பித்தாள்.

விளையாடிக்கொண்டே இருப்பாள். திடீரென்று நிறுத்திவிட்டு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வறட்டு வறட்டு என்று இழுப்பாள். நாத்தனார் பதறிப்போய் வாரித் தூக்குவாள். மருந்து அலமாரிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் களிம்பு தடவுவாள். கீழே விட்டதும் பட்டாணி மறுபடி சொறிவாள். நாத்தனார் மறுபடி தூக்குவாள், வேறு களிம்பு தடவுவாள். வெள்ளைக் களிம்பு, மஞ்சள் களிம்பு, ரோஜா நிறத்தில் ஒரு தைலம். குழந்தையைத் தூக்கினால் கையில் நிற்காமல் மீன் மாதிரி நழுவினாள்.

"ஏம்மா, உள்ளதைச் சொல்லு. அங்கே குரங்கைத் தொடுறியா நீ?"

"ஐயோ அண்ணி, நான் குரங்கை நேர்ல பாத்தது ரெண்டே தடவை. அதுவும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். வீடியோதான் பாக்கறேன்."

"வீடியோல இருந்து ஒட்டாதுங்கறியா?"

"எப்படி அண்ணி ஒட்டும்?"

"எனக்கென்ன தெரியும்? இப்ப எல்லாமே வீடியோவாத்தானே வருது."

அன்றிலிருந்து கழுகின் துணிகள் தனியாகத் துவைக்கப்பட்டன. அவளுக்குத் தனி சோப்பு, தனி துண்டு. வேலையிலிருந்து வந்தால் நேராகக் குளியலறை. எதிர் வீட்டுக்காரி தன் குழந்தையைச் சத்தமில்லாமல் உள்ளே இழுத்துக்கொண்டாள். கழுகுக்கு அழுகை அழுகையாக வந்தது. இருந்தாலும் மனசுக்குள் ஒரு பயம் அரித்தது. ஒருவேளை அண்ணி சொல்வது சரியாக இருந்துவிட்டால்?

கடைசியில் எல்லோரும் கிளம்பித் தோல் டாக்டரிடம் போனார்கள். அவர் வழுக்கைத் தலையும் கனத்த கண்ணாடியுமாக, சிரிப்பதற்குத் தனியாகக் கட்டணம் வாங்குகிறவர் போல இருந்தார். பட்டாணியை மேஜைமேல் உட்காரவைத்து, பூதக்கண்ணாடியால் விரல் இடுக்கு, காது மடல், தொடை மடிப்பு என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"தோல்ல ஒண்ணுமே இல்ல. களிம்புதான் இருக்கு. நெறைய இருக்கு."

"நல்லாப் பாருங்க டாக்டர். ஓயாம சொறியறா" என்றாள் நாத்தனார்.

"பாத்துட்டேம்மா."

"இன்னொரு தடவை பாத்தா என்ன? குறைஞ்சா போயிடுவீங்க?"

டாக்டர் குழந்தையை அத்தை மடியில் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். யோசித்தார். யோசிக்கும்போது கைக்கடிகாரத்தின் பட்டைக்குக் கீழே அவருக்கு அரித்திருக்க வேண்டும். பட்டையைத் தள்ளிவிட்டு, சுகமாக, நீளமாக, வறட்டு வறட்டு என்று சொறிந்தபடி எதிரே பார்த்தார். எதிரே இருந்தது பட்டாணி.

பட்டாணியின் முகம் மலர்ந்தது. அத்தை மடியிலிருந்து வழுக்கி இறங்கினாள். மேஜையைச் சுற்றிக் குடுகுடுவென்று ஓடினாள். டாக்டரின் காலைப் பிடித்து, முழங்காலில் கால் வைத்து, சட்டைப் பையைப் பிடித்து மேலே ஏறினாள். மடியில் வாகாக உட்கார்ந்து, ஸ்டெதஸ்கோப்பைக் கடிவாளம் மாதிரி ஒரு கையில் பற்றிக்கொண்டு, மறு கை விரலைக் கதவுப் பக்கம் நீட்டினாள். பிறகு டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். வண்டி இன்னும் ஏன் கிளம்பவில்லை என்று கேட்கிற பார்வை.

கழுகுக்கு அப்போதுதான் புரிந்தது. பட்டாணி ஏறினாள், பார்த்தாள், காத்திருந்தாள். தினமும் திரையில் பார்க்கிற அதே காட்சி, சட்டை போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தது.

"டாக்டர், அவளுக்கு அரிப்பு இல்ல" என்றாள். "அவ பேசறா. தூக்குங்க, போகலாம்னு சொல்றா. இப்ப நீங்கதான் அவளைக் கூப்பிட்டீங்க."

"நான் யாரையும் கூப்பிடலியே" என்றார் டாக்டர், நிஜமாகவே பயந்துபோய்.

விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வேறு முகம் வந்துவிட்டது. குழந்தையை இறக்கிவிட்டுச் சொறிந்து பார்த்தார். ஏறினாள். அறையின் மறுகோடிக்குப் போய்ச் சொறிந்தார். அங்கேயும் ஓடி வந்து ஏறினாள். நர்ஸைக் கூப்பிட்டு, "சொறிம்மா" என்றார். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். உள்ளே டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அது சரி, இதை யார் சொல்லிக் கொடுத்தது?"

கணவன் தொண்டையைக் கனைத்தான். "இவதான் டாக்டர். பிள்ளையைத் தூக்கறதுக்கு முன்னாடி கையைச் சொறியாம இவ தூக்கினதே இல்ல."

"நானா? எப்ப?" என்றாள் கழுகு.

"எப்பவும்தான். சொறிவே, திரும்பிப் பாப்பே, அப்புறம் தூக்குவே."

"இவ்வளவு நாள் ஏங்க சொல்லல?"

"உனக்குத்தான் அரிப்பு, அது பிள்ளைக்கு ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன். சொன்னா வருத்தப்படுவியேன்னு, நீ தூங்கின பிறகு நானே உன் கைக்குக் களிம்பு தடவிட்டேன்."

"அதான் ஆபீஸ்ல மவுஸ் கையில நிக்காம வழுக்கிட்டே இருந்துச்சா!"

பட்டாணியின் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் முறையாகத்தான் நடந்திருந்தது. சொறிந்தாள், தூக்கினார்கள். இந்த வீட்டில் சவாரி கேட்டால் கொஞ்சம் எண்ணெய் பூசுவார்கள் போல என்று எடுத்துக்கொண்டிருப்பாள்.

நாத்தனார் சிரிக்கவில்லை. வழி முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் வெடித்தாள். "பேச வேண்டிய வயசுல என் மருமகளுக்குக் குரங்குப் பாஷை கத்துக்கொடுத்து வச்சிருக்கே. இனிமே இந்த வீட்டுல யாரும் சொறியக் கூடாது. அவ சொறிஞ்சாலும் யாரும் தூக்கக் கூடாது. வாயைத் திறந்து கேக்கட்டும்."

ஊரார் பெற்ற குட்டிகள் என்ன சொல்கின்றன என்று காலையிலிருந்து மாலைவரை பார்க்கிற கழுகு, தன் குட்டி தன்னிடமே சொன்னதைக் கவனிக்கவில்லை. அந்த வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. சரி என்று தலையாட்டினாள். கணவனைக் கொசு கடித்தால் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொறிந்துவிட்டு வந்தான்.

பட்டாணி முதலில் நம்பவில்லை. அம்மா எதிரே நின்று சொறிந்தாள், முகத்தைப் பார்த்தாள், காத்திருந்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள். அப்பாவிடம் போனாள். அத்தையிடம் போனாள். இன்னும் சத்தமாகச் சொறிந்தாள், இரண்டு கையாலும் சொறிந்தாள். பெருசுகள் எல்லாம் மரத்தைப் பார்த்தன. பிறகு ஒரு நாள் நிறுத்திவிட்டாள். சொறிவதை மட்டுமில்லை, விரலை நீட்டுவதையும், பொம்மையைக் கொண்டுவந்து மடியில் போடுவதையும் சேர்த்தே நிறுத்திவிட்டாள். கதவோரம் காலை நீட்டி உட்கார்ந்து, கைகளைத் தொடைமேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். வார்த்தை ஒன்றும் வரவில்லை. வீடு லிஃப்ட் நின்றுபோன கட்டடம் மாதிரி ஆகிவிட்டது.

ஒரு சாயங்காலம் கழுகு குளித்துவிட்டு வரும்போது, நாத்தனார் மருந்துக்கடைச் சீருடையைக்கூட மாற்றாமல் தரையில் குழந்தைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையைப் பார்த்தாள். குழந்தை அவளைப் பார்க்கவில்லை. நாத்தனார் அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, வளையலை மேலே ஏற்றிக்கொண்டு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வறட்டு வறட்டு என்று இழுத்தாள்.

பட்டாணி நிமிர்ந்தாள். ஒரு நொடி சந்தேகமாகப் பார்த்தாள். அப்புறம் பாய்ந்து போய் அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாத்தனார் அவள் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது கதவருகில் கழுகு நிற்பது தெரிந்தது.

"எனக்கு நெஜமாவே அரிச்சுது" என்றாள் விறைப்பாக.

"ஆமா அண்ணி. கொசு ஜாஸ்தி" என்றாள் கழுகு.

தடை போன இடம் தெரியவில்லை. பட்டாணி பேச்சுக்கு வந்தது அதற்குச் சில மாதம் கழித்து. வந்தபோது குழாய் உடைந்த மாதிரி வந்தது. கொஞ்ச காலம் வாயாலும் கையாலும் சேர்த்தே கேட்டாள். பிறகு சொறிவதை அவளே மறந்துவிட்டாள். வீட்டில் யாருக்காவது அரித்தால் இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பட்டாணி பேச ஆரம்பிக்கும் முன்பே பேராசிரியைக்கு விஷயம் எட்டி, அவர் குழந்தையை வீடியோ எடுக்க அனுமதி கேட்டார். "எங்க பிள்ளையைக் குரங்கு வரிசையில நிக்க வைக்கப் போறாங்களா? நானே வந்து நாக்கைப் பிடுங்கற மாதிரி நாலு வார்த்தை கேக்கறேன்" என்று நாத்தனார் விடுமுறை போட்டுக்கொண்டு கிளம்பினாள். பேராசிரியை ஏதோ கூட்டத்தில் இருந்தார். காத்திருக்கும் நேரத்துக்கு இருக்கட்டும் என்று கழுகு தன் மேஜையில் ஒரு காட்சியை ஓடவிட்டாள். அதில் தாய் ஒன்று சொறிந்துவிட்டுக் காத்திருந்தது, குட்டி ஒரு கிளையைப் பிடித்துத் தொங்கி விளையாடிக்கொண்டிருந்தது.

"அம்மா கூப்பிடறா பாரு. ஏறு, சனியனே" என்று நாத்தனார் திரையைப் பார்த்து அதட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அது முடிந்ததும் அடுத்தது, அதற்கடுத்தது. கூட்டம் முடிந்து பேராசிரியை வந்து வணக்கம் சொன்னார். நாத்தனார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரு நிமிஷம் இருங்க மேடம்" என்று கையைக் காட்டினாள்.

திரையில் வயசான ஆண் சிம்பன்சி ஒன்று இன்னொன்றின் எதிரே கையை உயர்த்தியபடி நின்றது. 'கிட்டே வா' என்று குறிக்கப் போனாள் கழுகு.

"நீ என்னம்மா, அது கிட்ட வான்னா சொல்லுது? தள்ளிப் போங்குது."

"இல்ல அண்ணி, கையைப் பாருங்க."

"கையை ஏன் பாக்கறே? தோளைப் பாரு. கடன் சொல்ல வர்றவங்களைப் பாத்தா எங்க முதலாளி இப்படித்தான் நிப்பாரு."

கழுகு காட்சியைப் பின்னால் ஓட்டினாள். பேராசிரியை தன் நாற்காலியையும் இழுத்துக்கொண்டு வந்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.