மேல் கம்பி, கீழ் கம்பி

எனக்குக் கல்யாணமான புதிதில், மேட்டூரில் எங்கள் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் ஞாயிறு காலை கூட்டம் நிற்கும். என் கணவரும் அவருடைய நண்பர்கள் மூவரும் லேசான கட்டையில் சின்ன விமானங்கள் செய்து பறக்கவிடுவார்கள். கையிலுள்ள பிடியிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் விமானத்துக்குப் போகும். அவர் நடுவில் நின்று சுழலச் சுழல, அது சுற்றிவரும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் ஏறும். கீழே சாய்த்தால் இறங்கும்.

மகளுக்கு ஒன்றரை வயது ஆவதற்குள் கூட்டம் கரைந்துவிட்டது. நண்பர்களில் ஒருவருக்கு மாற்றல். ஒருவர் தலை சுற்றுகிறது என்று நின்றுகொண்டார். இன்னொருவர் வீட்டுக்கு டிவி வந்தது. வேடிக்கை பார்த்த பிள்ளைகளும் அங்கே போய்விட்டார்கள். இவரிடம் மிஞ்சியது ஒரே விமானம்.

"இது ஒடஞ்சா அவ்வளவுதான். இன்னொண்ணு கட்டமாட்டேன்" என்றார்.

குழந்தை வட்டத்துக்குள் ஓடிவிடுமோ என்று வாராவாரம் பயந்தவள் நான். அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தது. நிம்மதிப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

இன்ஜினை முடுக்கியதும் விமானத்தைப் பிடித்திருந்து, அவர் சொல்லும்போது கையை விட ஆளில்லாததால் நானே வருகிறேன் என்றேன். சும்மா போகக் கூடாதென்று, முந்தின நாளே கம்பிகளைக் கழற்றித் துருப்போகத் துடைத்து மாட்டிவைத்தேன்.

மறுநாள் மைதானத்தில் பக்கத்து வீட்டு அக்கா எங்கள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

"ஏனுங்க தம்பி, செக்குமாடாட்டம் சுத்தறீங்களே, எண்ணெயாச்சும் வருதுங்களா?"

"வருதுங்க்கா. இவ சேலையப் பாருங்க!"

எரிபொருளில் கலந்து ஊற்றி, இன்ஜின் துப்பிய விளக்கெண்ணெய் என் கொசுவம் முழுக்கத் தெறித்திருந்தது.

கையை விட்டேன். விமானம் ஓடி எழும்பியது. அவர் மணிக்கட்டை மேலே சாய்த்தார். அது மூக்கைக் கவிழ்த்துத் தரையில் குத்தியது. இறக்கை இரண்டாகிவிட்டது.

அவர் கம்பிகளைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் பார்த்தார். மேலது கீழும் கீழது மேலுமாக மாறியிருந்தன.

"நாந்தானுங்க கழட்டி மாட்டினேன்" என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. "ஒடையட்டும்னு நெனச்சும் இருக்கேனுங்க."

அவர் குனிந்தார். "உடறதுக்கு முந்தி ஆட்டிப் பாக்கோணும். பாக்காதது என் தப்பு" என்று துண்டுகளைப் பொறுக்கினார். அவை பரணுக்குப் போயின.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் நண்பர் வீட்டில் டிவி பார்த்தார். நானும் போயிருந்தேன். மடியிலிருந்த அவர் கை மட்டும் மணிக்கட்டோடு மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தபடி இருந்தது. தெரிந்து செய்தேனா, தெரியாமல் செய்தேனா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து துண்டுகளை இறக்கி, பசையோடு அவர் முன்னால் வைத்தேன். மேல் கம்பியின் இரண்டு நுனியிலும் என் சிவப்பு நகப்பாலீஷைப் பூசினேன்.

ஒட்டி முடிக்க மூன்று வாரமாயிற்று. மைதானத்தில் நாங்கள் மூவரும் அக்காவும்தான். அவர் பிடியை ஆட்ட, நான் பிடித்திருந்த விமானத்தின் வால் தகடு ஏறி இறங்கியது. அப்போதும் கேட்டேன்.

"சிவப்பு மேலதானுங்களே?"

"மேலதான், சாமி."

"இன்னொருக்கா பாத்துருங்க."

பார்த்தார். "மேலதான். உடு."